சிங்கப்பூர் – நியூயார்க் 6 மணி நேரமா, 17 மணி நேரமா? அவசரம்

தேக்கா_மகன்:
அம்மா முதல்முறையாகத் தனியாகத் தங்கை வீட்டுக்குப் போகிறார். டிக்கெட்டில் இரவு 11.35க்குக் கிளம்பி மறுநாள் காலை 5.30க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, ஆனால் தூரம் பார்க்கும் தளத்தில் 15,349 கி.மீ., 17 மணி நேரம் என்று வருகிறது. எதை நம்புவது? அம்மா இன்சுலின் போடுகிறார், டாக்டர் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார்.

கடலோரம்:
எந்தத் தேதி? நேரடி விமானமா, பிராங்க்பர்ட் வழியா? இறங்கும் விமான நிலையம் ஜேஎஃப்கேயா, நியூவர்க்கா?

நிலவரை:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், இதெல்லாம் பள்ளிப் பாடம். 15 டிகிரி தீர்க்கரேகைக்கு ஒரு மணி, இரண்டு ஊருக்கும் நடுவே 178 டிகிரி, ஆக எப்போதும் 12 மணி வித்தியாசம். 6ஐயும் 12ஐயும் கூட்டத் தெரியாதா?

தேக்கா_மகன்:
நேரடி. ஜேஎஃப்கே.

மலைக்காற்று:
வட துருவத்தை ஒட்டிப் போகும், அதுதான் குறுக்கு வழி. கம்பளி கொடுத்து அனுப்புங்கள்.

கடலோரம்:
தேதி இன்னும் வரவில்லை. நிலவரை சார், கடிகாரம் தீர்க்கரேகைப்படி ஓடுவதில்லை. உங்கள் கணக்குப்படி சிங்கப்பூர் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால் இருக்க வேண்டும், 1982லிருந்து 8 மணி. நியூயார்க்கிலோ வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். கோடையில் 12, குளிர்காலத்தில் 13.

ஓடுபாதை:
துருவ வழி காகிதத்தில்தான். நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலே, மேற்கிலிருந்து வீசும் வேகக் காற்றைப் பிடித்துப் போவார்கள். 16,000 கி.மீ. தாண்டினாலும் அதுவே லாபம். அந்தத் தளம் நேர்த்தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்துவிட்டது, அவ்வளவுதான்.

மலைக்காற்று:
உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், துருவம்தான் வரும்.

ஓடுபாதை:
நூலுக்குக் காற்று அடிக்காது. ரஷ்ய வான்வெளிக் கட்டுப்பாடும் இருக்கிறது.

தேக்கா_மகன்:
மன்னிக்கவும், நவம்பர் 14.

கடலோரம்:
அப்போ 13தான். நவம்பர் முதல் ஞாயிறு அன்றே அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். 5 மணி 55 நிமிடத்தோடு 13 கூட்டினால் 18 மணி 55 நிமிடம், ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நேரமும் இதில் அடக்கம். விமான நிலையத்தில் முன்னால் 3 மணி, அங்கே குடிநுழைவு வரிசை எல்லாம் தனி, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை அம்மா எந்த ஊர் நேரப்படி போடுவது என்று அவரே எழுதித் தரட்டும், இங்கே யார் சொல்வதையும் கேட்காதீர்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறையில் உறைந்து போகலாம்.

நிலவரை:
கோடை நேரத்தைத் தேதி தெரிந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

தேக்கா_மகன்:
டாக்டர் அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். மிக்க நன்றி.

கடலோரம்:
திரும்பும் டிக்கெட்டில் ராத்திரி கிளம்பி இரண்டு நாள் கழித்து இறங்குவதாக இருக்கும், பயப்படாதீர்கள், பயணம் அதேபோல்தான். அதற்கும் தனி அட்டவணை வாங்கினீர்களா?