நீச்சல் போட்டியில் முதல்முறை வாலண்டியர்: எந்த வேலையை எடுப்பது?

புதுப்பெற்றோர்:
அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு 9 வயது, அடுத்த மாதம் முதல் போட்டி. வீட்டுக்கு ஒருவர் ஒரு செஷன் முழுக்க வேலை செய்ய வேண்டும் என்று கிளப்பிலிருந்து படிவம் வந்திருக்கிறது. டைமர், மார்ஷல், ரன்னர், டர்ன் ஜட்ஜ் என்று நாலு பெயர் போட்டிருக்கிறார்கள். எனக்கு நீச்சலே தெரியாது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எதைச் செய்ய முடியும்? டைமராக நின்று தப்பாக அமுக்கிவிட்டால் ஒரு குழந்தையின் நேரம் கெட்டுவிடுமே என்று பயமாக இருக்கிறது. 25 மீட்டர் குளம், 8 லேன். டச்பேட் (கை பட்டதும் கடிகாரத்தை நிறுத்தும் சுவர்ப் பலகை) உண்டாம். அது இருக்கும்போது கையில் வாட்ச் எதற்கு?

நான்காம்_லேன்:
டைமரையே எடுங்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணும் விரலும் ஒழுங்காக இருந்தால் போதும். ஆள் பற்றாக்குறை எப்போதும் இங்கேதான். லேனுக்கு 2 பேர் என்றாலே 16 பேர் வேண்டும், அதற்கு மேல் ஒரு தலைமை டைமரும் மாற்று ஆட்களும்.

உங்கள் பயத்துக்குப் பதில் கணக்கிலேயே இருக்கிறது. ஒரே லேனில் 3 வாட்ச் ஓடினால் நடுவில் உள்ள நேரத்தை எடுப்பார்கள். 41.32, 41.38, 41.75 என்று வந்தால் 41.38. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். இரண்டே வாட்ச் என்றால் சராசரி. ஆக, ஒருவர் தடுமாறினாலும் கணக்கு தாங்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் வாட்சை எட்டிப் பார்த்து உங்கள் எண்ணை மாற்றினால் தாங்காது. இரண்டுக்கும் 0.3 நொடி வித்தியாசம் வந்தாலும் உங்கள் வாட்ச் என்ன காட்டுகிறதோ அதையே எழுதுங்கள். தப்பைக் கண்டுபிடிப்பது நேரங்களைச் சரிபார்க்கும் மேசையில் இருப்பவர்கள் வேலை. எண்ணை நீங்கள் திருத்திவிட்டால் அவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

தொடக்கத்தில் ஒலியைக் கேட்டு அமுக்காதீர்கள், ஸ்டார்ட்டர் கருவியின் விளக்கைப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கருவி ஒரு ஓரத்தில் இருந்து, நீங்கள் 20 மீட்டர் தள்ளி மறு ஓரத்து லேனில் நின்றால் 0.06 நொடி அங்கேயே போய்விடும். சின்னப் பிள்ளைகளின் 25 மீட்டர் போட்டியை எதிர்க்கரையிலிருந்து தொடங்குவார்கள், முடிவு உங்கள் பக்கம் வர வேண்டும் என்பதற்காக. அப்போது இந்த இடைவெளி இன்னும் கூடும். எதிர்க்கரை விளக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதல் ஹீட்டுக்கு (சேர்ந்து நீந்தும் ஒரு குழுவின் சுற்று) முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் தலைமை டைமரிடம் சொல்லுங்கள்.

முடிவில், பிள்ளை கொடித்தோரணத்தைத் தாண்டும்போது (சுவரிலிருந்து 5 மீட்டர்) எழுந்து விளிம்புக்கு வந்துவிடுங்கள். சுவரை மேலிருந்து நேராகக் குனிந்து பாருங்கள். பின்னால் நின்று சாய்வாகப் பார்த்தால் கை சுவரைத் தொட்டதும் தெரியாது, ஒரு சாண் தள்ளி நின்றதும் தெரியாது. உடம்பில் எந்தப் பகுதி முதலில் சுவரைத் தொட்டாலும் உடனே நிறுத்த வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒற்றைக் கையால் தொட்டாலும் நிறுத்துங்கள். அது சரியா தப்பா என்பது ஜட்ஜ் பாடு. பிள்ளையிடம் அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

அலைவரிசை:
டச்பேட் கேள்விக்கு நான் சொல்கிறேன். அந்தப் பலகை அழுத்தத்தில்தான் வேலை செய்யும். 8, 9 வயதுப் பிள்ளைகள் விரல் நுனியால் தடவுவார்கள், அல்லது பலகைக்கு மேலே கரை விளிம்பைப் பிடிப்பார்கள். பலகை அசையாது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து மூச்சு வாங்கச் சாயும்போது முதுகு பட்டுத்தான் நிற்கும். பிள்ளை 38 நொடியில் வந்திருப்பாள், திரையில் 40 காட்டும். அதைப் பிடித்துக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கும் பட்டனும் (இதுவும் டச்பேட் போல அந்தக் கருவியோடு இணைந்தது) வாட்சும்தான்.

பட்டனை முடிவில் மட்டும் அமுக்க வேண்டும். அதன் கடிகாரத்தை ஸ்டார்ட்டர் கருவியே ஓட்டிவிடும். வாட்சைத்தான் நீங்கள் தொடங்க வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தொடக்கத்தில் பட்டனை அமுக்குகிறார்கள்.

இன்னொரு பெரிய தப்பு, திரும்பும்போது நிறுத்திவிடுவது. 25 மீட்டர் குளத்தில் 100 என்றால் 4 நீளம். இரண்டாவது நீளத்தில் பிள்ளை உங்கள் சுவருக்கு வரும்போது கை தானாக அமுக்கப் போகும். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் தூரத்தைத் தாளில் பார்த்து, எத்தனையாவது வருகையில் நிறுத்துவது என்று லேன் துணையோடு பேசிவிடுங்கள். வாட்ச் ஓடவே இல்லை என்றால் உடனே கையைத் தூக்குங்கள். தலைமை டைமர் எப்போதும் கூடுதல் வாட்சுகளை ஓடவிட்டு வைத்திருப்பார், ஒன்றை உங்களிடம் கொடுப்பார். தயங்கி 10 நொடி கழித்துத் தொடங்குவது யாருக்கும் உதவாது.

எழுதுவதற்குப் பென்சில்தான். ஈரத் தாளில் பால்பாயிண்ட் பேனா எழுதாது. 1:05.4 என்று விடாமல் 1:05.40 என்று இரண்டு இலக்கமும் போடுங்கள். 1-ம் 7-ம் குழம்பாதபடி எழுதுங்கள். ஆள் வராத லேனில் நேரக் கட்டத்தைக் காலியாக விடாமல் ‘வரவில்லை’ என்று குறியுங்கள். காலியாக இருந்தால் மேசைக்காரர்கள் மறந்துபோனதா என்று தேடுவார்கள்.

புதுப்பெற்றோர்:
இவ்வளவு விளக்கத்துக்கு மிக்க நன்றி. விசில் வரிசைதான் இன்னும் புரியவில்லை. வாட்சை எப்போது பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்? என் மகள் நான் நிற்கும் லேனிலேயே வந்துவிட்டால்?

நான்காம்_லேன்:
சின்னச் சின்ன விசில்கள் தொடர்ந்து கேட்டால் நீச்சல் உடையோடு தயாராக வேண்டும். நீண்ட விசில் ஒன்று என்றால் பிளாக் (குதிக்கும் மேடை) மேல் ஏற வேண்டும். பேக்ஸ்ட்ரோக்கில் முதல் நீண்ட விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டாவதுக்குச் சுவருக்கு வந்து பிடியைப் பிடிக்க வேண்டும். அதன்பின் ‘டேக் யுவர் மார்க்ஸ்’, பிறகு சிக்னல். எழுதி முடிக்கும்வரை வாட்சை அழிக்காதீர்கள். சின்ன விசில்களுக்குள் பூஜ்யமாக்கிவிடுங்கள். நீண்ட விசிலுக்குப் பின் பேச்சு, அசைவு எதுவும் வேண்டாம்.

மகள் உங்கள் லேனில் வந்தால் அந்த ஒரு ஹீட்டுக்குப் பக்கத்து லேன்காரரிடம் இடம் மாற்றிக்கொள்வது நல்லது. கத்தி உற்சாகப்படுத்தத் தோன்றும், கண் சுவரை விட்டுப் பிள்ளை முகத்துக்குப் போகும். பிளாக்குக்குப் பின்னால் நின்று போனில் படம் எடுக்கவே கூடாது, சொந்தப் பிள்ளையாக இருந்தாலும்.

கரையோரம்:
மார்ஷலையும் ஒதுக்கிவிடாதீர்கள். சின்ன வயதுப் பிரிவுகளில் போட்டி தாமதமாவது பெரும்பாலும் பிள்ளைகளைச் சேர்ப்பதில்தான். மூன்று, நான்கு ஹீட்டுக்கு முன்பே அழைத்து, ஹீட்டுக்கு ஒரு வரிசையாக, லேன் எண்ணின்படி உட்காரவைக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பிள்ளையின் கையில் போட்டி எண், ஹீட், லேன் மூன்றையும் அழியாத மார்க்கரால் எழுதுவார்கள். சன்ஸ்கிரீன் தடவும் முன் எழுதினால்தான் பிடிக்கும். 25 மீட்டர் போட்டிக்குப் பிள்ளைகளை எதிர்க்கரைக்கு நடத்திப் போக ஒரு ஆளைத் தனியாக வையுங்கள். அதை மறந்தால் மொத்த ஹீட்டும் தப்பான பக்கம் நிற்கும்.

ஒரு பிள்ளை வரவில்லை என்பதற்காக அந்த லேனை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். எட்டு லேனில் பதிவு நேரப்படி வேகமானவருக்கு 4, அடுத்து 5, 3, 6, 2, 7, 1, 8 என்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் மாற்றிவிட்டால் ஒருவர் நேரம் இன்னொருவர் பெயரில் ஏறும். ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டு லேனைக் காலியாக விடுங்கள்.

ரன்னர் வேலை எளிது. டைமர் தாள்களை எடுத்து மேசைக்குக் கொடுக்க வேண்டும், ஓடாமல் நடந்து, ஈரத் தரை. டர்ன் ஜட்ஜுக்கு (பிள்ளைகள் சுவரில் சரியாகத் திரும்புகிறார்களா என்று பார்ப்பவர்) மட்டும் இப்போது பெயர் கொடுக்காதீர்கள். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, அனுபவமுள்ளவர் பக்கத்தில் சில செஷன் நின்று பழக வேண்டும்.

அலைவரிசை:
டைமர் கூட்டம் பெரும்பாலும் வார்ம்அப் முடியும் நேரத்தில் நடக்கும், அதைத் தவறவிடாதீர்கள். வழுக்காத செருப்பு போட்டுப் போங்கள், முழங்கால்வரை நனையும். வாட்ச் கைக்கு வந்ததும் தொடங்கி, நிறுத்தி, அழித்து நாலைந்து முறை பாருங்கள். சில வாட்சில் நிறுத்தும் பொத்தானும் ஸ்ப்லிட் (இடைநேரம் காட்டும்) பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஸ்ப்லிட்டை அமுக்கினால் திரையில் எண் நிற்கும், உள்ளே கடிகாரம் ஓடும், சில நொடியில் அந்த எண் மறைந்துவிடும்.