‘ஸ்லிப்பேஜ்’: சறுக்கலா, தூர்வா, நழுவலா?

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஊராட்சிகளின் குடிநீர், சுகாதாரக் குழு உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதைக் கையில் எடுத்துப் படிக்கப்போகிறவர்கள் வார்டு உறுப்பினர்களும், மேல்நிலைத் தொட்டியை இயக்குகிறவர்களும், மகளிர் குழுத் தலைவிகளும். பெரும்பாலான சொற்கள் எப்படியோ வழிக்கு வந்துவிட்டன. ஒன்று மட்டும் இரண்டு வாரமாக முரண்டு பிடிக்கிறது: ‘ஸ்லிப்பேஜ்’.

ஒரு குடியிருப்புக்குக் குடிநீர் முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று பதிவேட்டில் ஏறிய பிறகு, சில ஆண்டுகளுக்குள் அது பகுதியளவு கிடைக்கும் நிலைக்கோ, கிடைக்கவே கிடைக்காத நிலைக்கோ இறங்கிவிடுவதை நடுவண் அரசின் குடிநீர்த் துறை இச்சொல்லால் குறித்துவந்திருக்கிறது. ‘முழுமை’ என்பதற்கு அளவுகோல் உண்டு. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், 250 பேருக்கு ஓர் அடிபம்பு, சமவெளியில் 1.6 கிலோமீட்டருக்குள் நீர் இருக்க வேண்டும் என்பவை நெடுங்காலம் புழங்கிய கணக்கு. கழிப்பறைத் துறையிலும் இதே சொல் நுழைந்துவிட்டது. வங்கதேசத்தின் ராஜ்ஷாகி மாவட்டத்து ஊரொன்றில் 2000ஆம் ஆண்டு தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய, ஊர் கூடித் திறந்தவெளியில் மலம் கழிப்பதை விட்டொழிக்கும் முறையில், அப்படி அறிவித்துக்கொண்ட ஊர்கள் சில காலம் கழித்து மீண்டும் வயல்வெளிக்குப் போகத் தொடங்குவதற்கும் இதுவே பெயர்.

அகராதிகளைப் பார்த்தால் ‘சறுக்கல்’, ‘பின்னடைவு’, ‘வழுவல்’ என்று கிடைக்கின்றன. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். சறுக்கல் ஒருமுறை நிகழ்வது, மன்னிக்கத் தக்கது, அடுத்த அடியில் நிமிர்ந்துவிடலாம் என்ற தெம்பும் அதில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கிற ஒன்றுக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. ‘பின்னடைவு’ என்றவுடன் வாக்கு எண்ணிக்கை நாள் நினைவுக்கு வருகிறது. ‘வழுவல்’ இலக்கணத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உரிய சொல். நெறி வழுவினான் என்று ஆளைக் குற்றம் சொல்லும். ஆழ்துளைக் கிணறு வற்றியதற்கு ஊரார் எந்த நெறியையும் வழுவவில்லையே.

என் பரிந்துரை ‘தூர்வு’. சோர் என்பதிலிருந்து சோர்வும், தேர் என்பதிலிருந்து தேர்வும் வந்தது போலத் தூர் என்பதிலிருந்து தூர்வு. கிணறு தூர்ந்துபோனது என்றால் கிணறு அங்கேயேதான் இருக்கிறது, கவனிப்பார் இல்லாமல் பயன் அற்றுவிட்டது என்று பொருள். அதற்கு மாற்றும் ‘தூர்வாருதல்’ என்று கூடவே கையில் கிடைக்கிறது. நோயையும் மருந்தையும் ஒரே வேரிலிருந்து பெறும் வாய்ப்பு எளிதில் அமையாது என்பதால் இதன்மேல் எனக்குச் சற்று மோகம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மடல் 2

அன்புள்ள அம்மையாருக்கு,

தங்கள் மடலை இருமுறை படித்தேன். ஊரக நீர் வழங்கலில் பொறியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ‘தூர்வு’ அழகான சொல். அழகாக இருப்பதாலேயே அதை எதிர்க்க வருத்தமாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் அந்த வேர்ச்சொல்லுக்கு முன்னரே வேலை கொடுத்தாகிவிட்டது. ஆழ்துளைக் கிணறு மண் சேர்ந்து தூர்ந்துபோகும். கம்ப்ரஸர் வண்டியை வரவழைத்து அடியிலிருந்து காற்றைச் செலுத்தித் தூரெடுப்போம். ஊருணி தூர்ந்துபோகும், வாய்க்கால் தூர்ந்துபோகும். “எங்கள் ஊரில் தூர்வு ஏற்பட்டுள்ளது” என்று ஊராட்சித் தலைவர் எழுதி அனுப்பினால், மறுநாள் காலையில் கம்ப்ரஸர் வண்டிதான் போய் நிற்கும். உண்மையில் அங்கே மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்திருக்கலாம், மின்கட்டணம் நிலுவையில் இருக்கலாம், நீரில் ஃபுளோரைடு ஏறியிருக்கலாம். ஒரு துறைக்குள் நேர்ப்பொருளில் புழங்கும் சொல்லை அதே துறையில் உருவகமாகவும் ஏற்றினால் கலைச்சொல்லுக்கு உரிய தெளிவு போய்விடும்.

நாம் பெயரிடப் போவது எதற்கு என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிபம்பின் தோல் வாஷர் தேய்ந்து, பத்து நாள் தண்ணீர் வராமல் இருந்து, பிறகு மாற்றப்பட்டால் அது ‘பழுது’. பழுதுக்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். மாற்ற வழியில்லாமல் ஆண்டு முழுவதும் அப்படியே கிடந்தால்தான் நாம் தேடும் சொல்லுக்குரிய நிலை வருகிறது. இந்தியா மார்க் 2 பம்பை 1970களில் யுனிசெஃபும் அரசும் சேர்ந்து உருவாக்கியபோது அதன் உறுதி பெரிதும் பாராட்டப்பட்டது, தகுதியான பாராட்டுதான். ஆனால் உள்ளே இருக்கும் வாஷரை மாற்ற வேண்டுமானால் முக்காலி நிறுத்தி, இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்தெடுக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வட்டாரத் தலைமையிடத்திலிருந்து வர வேண்டும். அந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் 1983க்கும் 1988க்கும் இடையில் கோயம்புத்தூர்ப் பகுதியில் கள ஆய்வு நடந்து, குழாயைக் கழற்றாமலே உள்ளிருக்கும் பிஸ்டனை உருவி எடுக்கும் மார்க் 3 வந்தது. மார்க் 2 ஆப்பிரிக்காவுக்கும் போனது. அங்கே அமிலத்தன்மை மிகுந்த நிலத்தடி நீர் உள்ள இடங்களில் இரும்புக் குழாய் அரித்து, துரு கலந்த நீரை மக்கள் குடிக்க மறுத்தார்கள். சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2009இல் ஊரக நீர் வழங்கல் வலையமைப்பு என்ற பன்னாட்டு அமைப்பு வெளியிட்டபோது, கைப்பம்புகளில் 36 விழுக்காடு இயங்கவில்லை என்று தெரியவந்தது. பம்பை நட்ட நாளில் அத்தனையும் ‘முழுமை’க் கணக்கில் ஏறியவைதாமே.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நான் பார்த்த ஊரொன்றில் மேல்நிலைத் தொட்டியின் மேல் கட்டிய ஆண்டும் கொள்ளளவும் நீல வண்ணத்தில் பளிச்சென்று எழுதப்பட்டிருந்தன. தெருக்குழாய்களோ தரைக்கு மேலே இல்லை. அழுத்தம் குறையக் குறைய, பெண்கள் குழாயைத் தரைமட்டத்துக்கு வெட்டி, பக்கத்தில் இடுப்பளவு குழி தோண்டி, குடத்தை அதற்குள் இறக்கி நீர் பிடித்தார்கள். ஒரு தெருவில் குழி ஆழமானால் அடுத்த தெருவில் நீர் நிற்கும். உடனே அங்கேயும் ஒரு முழம் கூடுதலாகத் தோண்டுவார்கள். மழை பெய்தால் குழியில் தேங்கிய சேற்றுநீர் குழாய்க்குள்ளேயே போகும். பதிவேட்டைக் கேட்டால் தொட்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது, ஆகவே ஊர் ‘முழுமை’. நமக்குத் தேவையான சொல் அந்தக் குழிக்குப் பெயராக வேண்டும் என்று எனக்குப் பட்டது.

இன்னொன்றும் உண்டு. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் அளவுகோல் வீட்டுக்குழாய் வழியாக ஆளுக்கு 55 லிட்டர் ஆயிற்று. நேற்றுவரை 45 லிட்டர் பெற்று முழுமைப் பட்டியலில் இருந்த ஊர், ஒரு சொட்டு நீர்கூடக் குறையாமலே பட்டியலில் இறங்கிவிடும். இதை நாம் உருவாக்கும் சொல்லுக்குள் அடக்கக் கூடாது. ‘மறுவகைப்பாடு’ என்று தனியே வைக்கலாம். 2012 முதல் 2017 வரை ஊரகக் குடிநீருக்காக 81,168 கோடி ரூபாய் செலவான பின்னும் 40 லிட்டர் கணக்கில் 8 விழுக்காடும், 55 லிட்டர் கணக்கில் 5.5 விழுக்காடுமே முன்னேற்றம் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். அளவுகோலைப் பொறுத்து எண் மாறுகிறது, பாருங்கள். அதனால்தான் சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

என் பரிந்துரை ‘நழுவல்’. கைக்கு வந்தது கைநழுவிப் போயிற்று என்று எல்லோரும் சொல்கிறோம். ஒருமுறை கிடைத்திருக்க வேண்டும், பிறகு போயிருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையும் அச்சொல்லிலேயே இருக்கின்றன. என்றைக்குமே நீர் கிடைக்காத ஊரை ‘நழுவிய ஊர்’ என்று யாரும் சொல்ல முடியாது.

மடல் 3

ஐயா, அம்மா, இருவருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

‘நழுவல்’ என்பதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கழுவிய மீனில் நழுவிய மீன் என்ற வழக்கு எங்கும் உள்ளதுதான். “இவ்வாண்டு நழுவல் அதிகம்” என்று கூட்டத்தில் வாசித்தால், பொறுப்பிலுள்ளவர்கள் கேள்விகளிலிருந்து நழுவியதைச் சொல்வதாக மக்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அது பிழையான புரிதலென்றும் நான் வாதிட மாட்டேன்.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, நீரின் அளவு குறையாமலே நழுவல் நடக்கும் என்பதை வரையறையில் சேர்க்க வேண்டும். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். ஒரே வளவுக்குள் கிணறும் இருக்கிறது, மலசலகூடத்தின் உறிஞ்சு குழியும் இருக்கிறது. வெடிப்புள்ள கல்லினூடாகக் குழிநீர் கிணற்றை எட்டுகிறது. தோட்டத்து உரமும் சேர்ந்து நைட்ரேட் கூடுகிறது. வாளி நிறையத் தெளிந்த நீர் வருவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. நீரைத் தந்ததும் கழிப்பறையைக் கட்டியதும் தனித்தனியே வெற்றி. இரண்டும் ஒரே நிலத்தடியில் சந்தித்தபோது ஒன்று மற்றதைக் கெடுத்தது. வங்கதேசத்தில் நடந்தது இதனிலும் கொடிது. குளத்து நீரின் கிருமிக்குப் பயந்து குழாய்க்கிணற்றுக்கு மாறிய மக்களின் நீரில் ஆர்சனிக் இருப்பது 1993இல் தெரியவந்து, பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, நஞ்சுள்ளதற்குச் சிவப்பும் இல்லாததற்குப் பச்சையும் பூசினார்கள். சிவப்புப் பூசியதற்குக் காரணம் பம்பின் பழுது அன்று.

சொல் பற்றி ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. ‘சேவை நழுவல்’ என்று நீட்ட வேண்டாம். ‘சேவை’ என்ற சொல்லில் நம் மக்களுக்குத் தொண்டு மணக்கிறது. தொண்டுக்கு யார் மாதக் கட்டணம் கட்டுவார்கள்? கட்டணம் கட்டாவிட்டால் பம்பு இயக்குநருக்குச் சம்பளம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, அங்கிருந்துதான் நழுவலே தொடங்குகிறது. இலங்கையில் குடிநீர் தரும் எங்கள் அரசுச் சபையின் பெயரில் ‘நீர் வழங்கல்’ என்று இருக்கிறது. ‘வழங்கல்’ என்ற சொல்லில் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே கணக்கு உண்டு என்ற நினைவு கொஞ்சமாவது இருக்கிறது. அதைப் போலவே, கையேட்டில் கழிப்பறை வசதியைச் ‘சுகாதாரம்’ என்று தனியே எழுதினால் இங்கே அது மருத்துவத் துறையைத்தான் குறிக்கும்.

மடல் 4

ஐயா இருவருக்கும் நன்றி.

‘தூர்வு’ என்பதை மனமின்றியே கைவிடுகிறேன். கம்ப்ரஸர் வண்டி வந்து நிற்கும் காட்சிக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ‘நழுவல்’ என்பதில் பொறுப்பிலிருந்து நழுவும் மணம் இருப்பதைக் குறையாக நான் எண்ணவில்லை; இந்தப் பொருளுக்கு அந்த மணம் கொஞ்சம் இருந்தால் தவறில்லை. வடிவத்தில் ‘தழுவல்’ போன்ற நிலைத்துவிட்ட சொற்களோடு ஒத்துப்போகிறது. நழுவிய ஊர், நழுவும் தறுவாயில் உள்ள ஊர், நழுவாமை என்று வேண்டிய வடிவங்களையும் தருகிறது.

கழிப்பறைக்கு அதே சொல்லைப் பயன்படுத்தலாமா என்றுதான் இன்னும் தயங்கினேன். மூலநூல் அந்த இடத்தில் மக்கள் ‘பழைய பழக்கத்துக்குத் திரும்புவதாக’ எழுதுகிறது. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது என்று ஊராரைப் பார்த்துச் சொல்லும் தொனி அது. நான் போய்ப் பார்த்த வீடுகளில் கழிப்பறைக்குள் விறகும் வரட்டியும் அடுக்கியிருந்தது உண்மை. ஆனால் கேட்டால் ஒவ்வொருவரிடமும் காரணம் இருந்தது. ஒரே குழி, அது நிறைந்துவிட்டது. கழிவுநீர் லாரி அந்தச் சந்துக்குள் நுழையாது. கையால் அள்ளச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்தான். இரண்டு குழி இருந்திருந்தால் ஒன்றை மூடிவைத்து மற்றதைப் பயன்படுத்தியிருக்கலாம். மூடியது ஓராண்டுக்கு மேல் மக்கி உரமாகியிருக்கும். இரண்டாவது குழிக்கு இடம் விடாமல் கட்டியது அந்த வீட்டுக்காரர் அல்லர். ஆகவே ‘திரும்புதல்’ என்ற வினையையே விலக்கிவிட்டு, அங்கும் நழுவல் என்றே எழுதப்போகிறேன். அவர்கள் திரும்பவில்லை, கழிப்பறைதான் அவர்கள் கையைவிட்டு நழுவியது. 2019 அக்டோபர் 2 அன்று நாட்டின் ஊரகம் முழுவதும் திறந்தவெளிக் கழிப்பு அற்றதாக அறிவிக்கப்பட்ட பிறகு இந்தச் சொல்லுக்குத் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

சொல்லடைவில் இவ்வாறு பதிகிறேன்:

நழுவல் – ஒரு குடியிருப்பு எட்டிப்பிடித்த குடிநீர் அல்லது கழிப்பறை வசதி, நீர் வற்றுதல், தரம் கெடுதல், பழுது நீக்கப்படாமை, மக்கள்தொகை பெருகுதல், பராமரிப்புக்குப் பணமோ ஆளோ இன்மை ஆகியவற்றுள் எதனாலேனும், வகுத்த அளவுக்குக் கீழே இறங்கி அவ்வாறே தொடர்தல். குறுகிய காலப் பழுதும், அளவுகோல் மாறியதால் நேரும் மறுவகைப்பாடும் இதில் அடங்கா.

‘தொடர்தல்’ என்றால் எத்தனை நாள் என்று அச்சகத்துக்குப் போகுமுன் யாராவது கேட்பார்கள். பொறியாளர் ஐயா ஓர் ஆண்டு என்றார். கோடையில் மூன்று மாதம் வற்றி, மழைக்குப் பின் ஊறி, ஆண்டுதோறும் அதே போல் வற்றுகிற கிணற்றை என்ன செய்வது? அதையும் நழுவல் என்றே கொள்ளலாமா, ‘பருவ நழுவல்’ என்று பிரிக்கலாமா என்று மட்டும் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். பதிவேட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் விட்டு வைத்திருக்கிறேன்.