முன்பு முதலிடம், இப்போது பின்வரிசை: குறை மாணவியின் மனத்திலா, வகுப்பின் சூழலிலா?

கணித ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகக் கல்லூரி முதலாண்டு வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். ஒரு மாணவியைப் பற்றிய கவலை சில வாரங்களாக என்னை விடாமல் தொடர்வதால், இங்குள்ள அனுபவசாலிகளின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். அவர் யாரென்று எவருக்கும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பள்ளி இறுதிவரை வகுப்பில் முதலிடத்தை விட்டுக்கொடுக்காதவர் அவர். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் முன்வரிசையில் அமர்ந்து, விடை தெரிந்தவுடன் கை உயர்த்துவார். முதல் தேர்வில் வகுப்பின் சராசரியைவிடச் சற்றுக் குறைவாக மதிப்பெண் பெற்றார். என் கணக்கில் அது ஒரு வீழ்ச்சியே அன்று. ஆனால் அடுத்த வாரமே அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். கேள்வி கேட்பது நின்றது. இரண்டாம் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு என் மேசையருகே நின்று தடையின்றிச் செய்து காட்டிய அதே வகைக் கணக்கைத் தேர்வுத்தாளில் தொடாமலே விட்டிருந்தார். அழைத்துக் கேட்டபோது, “எனக்குக் கணக்கு வராது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது” என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் வந்த கணக்கு பத்து வாரத்தில் எப்படி வராமல் போகும்?

ஆசிரியர் அறையில் இருவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கு மனவலிமை போதாது, ஆலோசகரிடம் அனுப்பிவிடுங்கள் என்பது ஒரு சாரார் கருத்து. பள்ளியில் மனப்பாடம் செய்து வாங்கிய மதிப்பெண்ணின் சாயம் இப்போது வெளுத்துவிட்டது என்பது மற்றொரு சாரார் கருத்து. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், குறையை அவருக்குள்ளேயே வைப்பதில் ஒன்றுபடுகின்றன. அவரைச் சுற்றியிருக்கும் வகுப்புக்கும், அதை நடத்தும் எனக்கும் இதில் பங்கில்லையா? இருக்குமானால், எங்கிருந்து தொடங்குவது?

பழைய கரும்பலகை எழுதியது:

அம்மா, நீங்கள் விவரித்ததில் என் கண்ணில் முதலில் பட்டது அவருடைய மதிப்பெண் அன்று, அந்த வரிசை மாற்றம்தான். அதைத் தூண்டியது எது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஒருவர் தம் திறமையைத் தனியே எடுத்து அளந்து பார்ப்பதில்லை. அருகில் இருப்பவர்களோடு ஒப்பிட்டே அளக்கிறார். லியோன் ஃபெஸ்டிங்கர் 1954ஆம் ஆண்டிலேயே இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார். கல்வியில் இதன் விளைவை ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்தார். சமமான திறமை உடைய இரண்டு மாணவர்களில் ஒருவர் சாதாரணப் பள்ளியிலும், மற்றொருவர் தேர்ந்தெடுத்த மாணவர்கள் மட்டுமே படிக்கும் பள்ளியிலும் இருந்தால், இரண்டாமவர் தம் படிப்புத் திறனைக் குறைவாக மதிப்பிடுகிறார். சிறிய குளத்தில் பெரிய மீனாக இருந்தது ஏரிக்கு வந்ததும் தன்னைச் சிறிய மீனாகக் காண்கிறது. மீனின் அளவில் மாற்றமில்லை. மார்ஷும் அவருடைய சக ஆய்வாளரும் 2003இல் 26 நாடுகளைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவர்களின் தரவுகளைக் கொண்டு இதையே மீண்டும் கண்டார்கள். எனவே உங்கள் மாணவிக்கு நேர்ந்ததை அவருடைய தனிப்பட்ட பலவீனமாகக் கொள்ளத் தேவையில்லை. முதலிடம் பெற்றவர்களை மட்டும் திரட்டி ஒரே வகுப்பில் அமர வைக்கும் எந்த நிறுவனமும் ஆண்டுதோறும் இத்தகைய மாணவர்களைத் தானே உருவாக்குகிறது என்பதை அந்த நிறுவனங்கள் ஒப்புக்கொள்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஆனால் ஒப்பீடு மட்டுமே ஒருவரைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடாது. அந்த ஒப்பீட்டுக்கு அவர் என்ன காரணம் கற்பிக்கிறார் என்பதில்தான் எல்லாம் திரும்புகிறது. தோல்விக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களை பெர்னார்ட் வெய்னர் மூன்று கேள்விகளால் பிரித்துக் காட்டினார்: காரணம் எனக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா, அது நிலையானதா, மாறக்கூடியதா, என் கட்டுப்பாட்டில் உள்ளதா, இல்லையா. “இந்த முறை சரியாகத் தயாராகவில்லை” என்று சொல்பவரும் காரணத்தைத் தமக்குள்தான் வைக்கிறார், ஆனால் அது மாறக்கூடியது, அவர் கையில் இருப்பது. “எனக்குக் கணக்கு வராது” என்பதும் உள்ளே இருக்கும் காரணம்தான். ஆனால் அது நிலையானது, கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது. அப்படி நம்பிவிட்ட ஒருவருக்குக் கை உயர்த்துவதாலோ, முயன்று பார்ப்பதாலோ ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருடைய பார்வையில் பின்வரிசைக்குப் போவது சோம்பலன்று, அறிவார்ந்த முடிவு.

ஆகவே “உன்னால் முடியும்” என்று வெறுமனே ஊக்கப்படுத்திப் பயனில்லை. ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, தன் உடலும் உணர்வும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை ஆகியவை அவை. அவற்றுள் வலிமை மிக்கது முதலாவது. நாம் ஆசிரியர்கள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே கையில் எடுக்கிறோம், ஏனெனில் அதற்குச் செலவில்லை.

தேர்வறைக் கண்காணிப்பாளர் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மேசையருகே செய்ய முடிந்த கணக்கு தேர்வறையில் ஏன் நின்றுபோனது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை.

தேர்வுப் பதற்றத்தை லீபர்ட், மாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் இரண்டு கூறுகளாகப் பிரித்தார்கள். ஒன்று உடல் சார்ந்தது: படபடப்பு, வியர்வை, கை நடுக்கம். மற்றொன்று மனத்தில் ஓடும் கவலைப் பேச்சு: “எல்லோரும் எழுதுகிறார்கள், நான் மட்டும் நிற்கிறேன், இதிலும் போய்விட்டால் என்ன ஆகும்?” வெளியே தெரிவது முதலாவது என்றாலும், மதிப்பெண்ணைக் குறைப்பதில் இரண்டாவதற்கே பங்கு அதிகம். இடைநிலை விடைகளை மனத்தில் ஏந்தியபடியே அடுத்த படியைச் செய்வதற்கு நமக்கு இருக்கும் செயல்படு நினைவு மிகவும் குறுகியது. கவலைப் பேச்சு அந்த இடத்தையே பிடித்துக்கொள்கிறது. பல படிகள் கொண்ட கணக்கில் இந்த இழப்பு வேறெந்தப் பாடத்தையும்விட விரைவாகத் தெரிந்துவிடும். அறிவு எங்கும் போய்விடவில்லை. அதைக் கையாள வேண்டிய மேசை மீது வேறு பொருள்கள் குவிந்துவிட்டன.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர் எப்படிப் படிக்கிறார்? தீர்த்துவைத்த கணக்குகளை மீண்டும் மீண்டும் வாசிப்பவராக இருந்தால், எல்லாம் தெரிந்ததுபோன்ற ஒரு பொய்யான நிறைவு உண்டாகும். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த சோதனையில் முன்னிலை பெற்றார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பள்ளியில் போதுமானதாக இருந்த படிப்பு முறை கல்லூரியில் போதாமல் போவது இயல்பானது. இதில் மனவலிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேலும், தேர்வுக்குச் சற்று முன்பு பத்து நிமிடம் தம் கவலைகளைத் தாளில் எழுதிவிடச் செய்தால் பதற்றம் மிக்கவர்களின் மதிப்பெண் உயர்கிறது என்று 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முயன்று பார்க்கலாம்.

மூன்றாமாண்டு மாணவன் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதுவதற்குத் தயக்கமாக இருந்தாலும், நானும் அந்தப் பின்வரிசையில் ஓராண்டு இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஆசிரியர் கேள்வி கேட்டதும் மற்றவர்கள் உடனே விடை சொல்வதைப் பார்த்து, இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும், தவறுதலாக உள்ளே வந்துவிட்டவன் நான் ஒருவன்தான் என்று உறுதியாக நம்பினேன். ஐயம் கேட்டால் அந்த இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தில் கேட்கவில்லை; கேட்காததால் மேலும் பின்தங்கினேன்; பின்தங்கியதால் அச்சம் உண்மையாயிற்று. ஓர் இரவு விடுதியில், வகுப்பின் சிறந்த மாணவன் என்று நான் நினைத்திருந்த ஒருவன் என்னிடம் வந்து, “உனக்கு இந்தப் பாடம் ஏதாவது புரிகிறதா? எனக்கு ஒன்றுமே புரியவில்லை” என்றான். ஆசிரியர்கள் யாராவது என்னிடம் அன்பாகப் பேசியிருந்தாலும் அவ்வளவு ஆறுதல் கிடைத்திருக்காது. அன்று முதல் இருவரும் சேர்ந்து படித்தோம். மதிப்பெண் உடனே உயரவில்லை, ஆனால் வகுப்புக்குப் போகும்போது வயிற்றைப் பிசைவது நின்றது.

ஐயப்படுபவர் எழுதியது:

நல்ல உரையாடல். இடையில் புகுந்து சிலவற்றைத் தளர்த்த வேண்டியிருக்கிறது.

தேர்வுக்கு முன் எழுதும் பயிற்சியைப் பற்றி: அந்த 2011 ஆய்வும், புகழ்பெற்ற இரண்டு அறிவியல் இதழ்களில் வந்த மற்ற இருபது சமூக அறிவியல் ஆய்வுகளும் மீண்டும் செய்து பார்க்கப்பட்டு, 2018இல் முடிவுகள் வெளியாயின. இருபத்தொன்றில் பதின்மூன்றே முதலில் சொன்ன திசையில் உறுதிப்பட்டன. எழுதும் பயிற்சி அந்தப் பதின்மூன்றில் இல்லை. தீங்கில்லாத பயிற்சிதான், செய்யலாம். மருந்தாக நம்ப வேண்டாம்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பே மாணவரை உயர்த்தும் என்று சொல்ல ரோசந்தால், ஜேக்கப்சன் ஆகியோரின் 1968 ஆய்வை எடுத்துக்காட்டுவது வழக்கம். குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த குழந்தைகளை “விரைவில் மலரப்போகிறவர்கள்” என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளிடம்தான். அளவீட்டு முறை மீதும் கடும் விமரிசனங்கள் எழுந்தன. எதிர்பார்ப்புக்கு விளைவு உண்டு, ஆனால் சொற்பொழிவுகளில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

திறமை வளரக்கூடியது என்ற மனப்பாங்கைப் பற்றியும் இதே கதைதான். அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு செய்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி, மதிப்பெண் குறைந்த மாணவர்களின் தர சராசரியை நான்கு புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 0.1 மட்டுமே உயர்த்தியது. என்னைக் கவர்ந்தது அந்த எண்ணைவிட அதன் அடியில் இருந்த மற்றொரு முடிவு. சவாலான கணக்கை எடுத்துச் செய்வதைச் சக மாணவர்கள் மதிக்கும் பள்ளிகளில்தான் அந்தப் பயிற்சி பலித்தது; மதிக்காத பள்ளிகளில் பலன் மங்கியது. மனத்துக்குள் விதைத்ததுகூடச் சுற்றியிருக்கும் மண்ணைப் பொறுத்தே முளைக்கிறது. மனமா, சூழலா என்ற கேள்வியே இந்த இடத்தில் குழம்பிவிடுகிறது.

மாணவத் தம்பி எழுதியது எனக்கு வால்டன், கோஹன் ஆகியோரின் 2011 ஆய்வை நினைவூட்டியது. தாங்கள் இங்கே உரியவர்கள்தாமா என்ற ஐயம் முதலாண்டில் எல்லோருக்கும் வருவதையும், காலப்போக்கில் அது தணிவதையும் மூத்த மாணவர்கள் சொன்ன விவரங்கள் வழியே காட்டினார்கள். புதியவர்களைத் தங்கள் அனுபவத்தையும் அவ்வாறே எழுதச் செய்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரம்தான். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தது. வெள்ளை மாணவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை. பங்கேற்றவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்பதால் இதையும் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தம்மைப் பொருந்தாதவராக உணரக் காரணம் உள்ளவருக்கே அது பயன்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

கணித ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு வாரம் யோசித்து, சிலவற்றைத் தொடங்கியிருக்கிறேன்.

முதலில் என்னையே பார்த்துக்கொண்டேன். விடைத்தாள்களை மதிப்பெண் வரிசைப்படி, பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கும் பழக்கம் எனக்குண்டு. யாருக்கும் தீங்கு நினைத்து அப்படிச் செய்யவில்லை. என் ஆசிரியர்கள் செய்ததை நானும் செய்தேன். ஏரியில் யார் எந்த அளவு மீன் என்று தேர்வுதோறும் உரக்க அறிவித்துவந்தது நான்தான் என்று இப்போது தெரிகிறது. அதை நிறுத்திவிட்டேன். கேள்வி கேட்டதும் முதலில் உயரும் கைக்கு வாய்ப்புத் தருவதையும் நிறுத்தி, இரண்டு நிமிடம் எல்லோரும் தாளில் முயன்ற பிறகே விடை கேட்கிறேன்.

அடுத்து, மும்மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் ஒருவர் மற்ற இருவருக்கும் ஒரு கணக்கை விளக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும், உடன் பயில்வோருடன் பழகுவதில் இன்னொரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதிப் பாதியும் சேரும் என்று நன்னூல் சொல்வதை மாணவப் பருவத்தில் ஒப்பித்தவள் நான். கற்பிக்க வந்த பிறகு எனக்குரிய கால் பங்கை மட்டுமே முழுப் பங்காக எண்ணிவிட்டேன் போலும்.

அந்த மாணவியிடம் தனியாக அறிவுரை எதுவும் சொல்லவில்லை. விட்டுவிட்ட கணக்கை மட்டும் மதிப்பெண் இல்லாமல் மீண்டும் எழுதித் தரச் சொன்னேன். தந்தார். ஐந்து படிகளில் நான்கு சரியாக இருந்தன; ஐந்தாவதில் ஒரு குறி மாறியிருந்தது.

பழைய கரும்பலகை எழுதியது:

மூவர் குழுவில் ஓர் எச்சரிக்கை. “நன்றாகப் படிப்பவர் ஒருவர், மற்ற இருவர்” என்று பிரித்துவிடாதீர்கள். மாணவர்கள் அந்தக் கணக்கை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் நிறுத்திய அறிவிப்பு வேறு உருவில் திரும்பி வந்துவிடும். சீட்டுக் குலுக்கியே பிரியுங்கள். அவர் விளக்க வேண்டிய முறை வரும்போது, அந்த ஐந்தாம் படியில் குறி மாறும் வகைக் கணக்கையே அவருக்குக் கொடுங்கள். தாம் தவறிய இடம் அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதால், மற்ற இருவரும் எங்கே தவறுவார்கள் என்பதை எளிதில் கண்டுகொள்வார்.