சுவருக்குள் கதவு, சன்னல்: ‘ஆஃப்செட்’டுக்கு ‘முகவிலக்கம்’

வணக்கம். கட்டடம் வரையும் ஃப்ரீகேட் மென்பொருளின் திரைச் சொற்களைத் தமிழாக்கும்போது கதவு, சன்னல் பகுதிக்கு நீங்கள் அனுப்பிய யோசனைகளுக்கு என் பதில் இது. ‘ஆஃப்செட்’ என்பது சுவருக்குள் சட்டம் நிற்கும் இடத்தைச் சொல்லும் எண்.

> ஆஃப்செட்டுக்கு ‘உள்வாங்கல்’ என்றே போட்டுவிடலாம். கொத்தனாருக்கும் புரியும்.

புரியும், சந்தேகமில்லை. “நிலை ரெண்டு இஞ்ச் உள்வாங்கி நிக்கட்டும்” என்றுதான் வேலை நடக்கும் இடத்தில் பேச்சு. ஆனால் நாம் பெயர் தேடுவது எண் நிரப்பும் ஒரு பெட்டிக்கு. அதில் மைனஸும் விழும். சுவரின் முகத்தைத் தாண்டி 20 மி.மீ. துருத்தி நிற்கும் சட்டத்துக்கு ‘உள்வாங்கல்: -20’ என்று காட்டினால் படிப்பவர் தலை சுற்றும். திசையைச் சொல்லுக்குள்ளேயே பூட்டிவிட்டால் எண்ணுக்கு வேலையில்லை. அதனால்தான் ‘முகவிலக்கம்’ என்கிறேன்: சுவரின் முகத்திலிருந்து சட்டம் எவ்வளவு விலகியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளேயா வெளியேயா என்பதைக் குறி சொல்லட்டும்.

போட்டுப் பாருங்கள். 9 அங்குலச் சுவர், அதாவது 230 மி.மீ. சன்னல் சட்டத்தின் கனம் 100. வெளிமுகத்தோடு மட்டமாக நிற்க முகவிலக்கம் 0. உள்முகத்தோடு மட்டமாக 130. நட்ட நடுவில் 65. சன்னலுக்கு இந்த மூன்றில் எதுவும் ஓடும். கதவுக்கு ஓடாது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கச் சுவர்முகத்தோடு நிலை மட்டமாக இருந்தால்தான் பலகை முழுக்கத் திரும்பிச் சுவரோடு ஒட்டும். நடுவில் வைத்தால் சுவரின் விளிம்பு தடுக்கும், பலகை அறைக்குள் நீட்டிக்கொண்டே நிற்கும். திரையில் அழகாகத்தான் தெரியும். கட்டில் போட்ட பிறகுதான் சண்டை வரும்.

‘முகம்’ என்றால் எந்த முகம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பூச்சையும் ஓர் அடுக்காகச் சேர்த்துச் சுவரை வரைந்திருந்தால் அது பூச்சு முகம். செங்கல்லை மட்டும் வரைந்திருந்தால் கல் முகம். வெளிப்பூச்சு 20 மி.மீ. என்றால் எண்ணும் 20 மாறும். அதைப் பெயரில் திணிக்க முடியாது, குறிப்புரையில் எழுதுவோம்.

> ஹோஸ்ட் = தாங்குசுவர்

கதவோ சன்னலோ பதிந்திருக்கும் பொருள்தான் ஹோஸ்ட். அதற்கு இந்தப் பெயர் வேண்டவே வேண்டாம். பொறியாளர் அதைப் பளு தாங்கும் சுவர் என்றோ மண்ணைத் தடுக்கும் சுவர் என்றோதான் படிப்பார். மேலும் ஹோஸ்ட் சுவராகவே இருக்க வேண்டியதில்லை. கூரையில் வைக்கும் வெளிச்சச் சன்னலுக்குக் கூரைதான் ஹோஸ்ட். ஃப்ரீகேடில் அந்தப் பண்பே பன்மையில்தான் இருக்கிறது: இரட்டைச் சுவர் என்றால் ஒரே சன்னல் இரண்டையும் துளைக்க வேண்டுமே. ‘ஓம்புயிர்’ உயிரியல்காரர்களிடமே இருக்கட்டும். ‘ஏந்தி’ என்று வைப்போம், பன்மை ஏந்திகள். ‘ஏந்தியோடு நகர்க’ என்று பக்கத்துக் கட்டத்துக்கும் இயல்பாக வருகிறது.

சன்னலுக்காகச் சுவரில் விடும் வெட்டுக்கு ‘திறப்பு’ என்று வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. இலங்கையில் திறப்பு என்றால் சாவி. ‘திறப்பு அகலம் 900’ என்று கண்டால் யாழ்ப்பாணத்து நண்பர் கோயில் கதவுச் சாவி என்று நினைக்கப் போகிறார். ‘துளை’ போதும். ஃப்ரீகேடும் அதைத்தான் சொல்கிறது. துளை ஆழம் 0 என்றால் ஆழத்தை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்.

துளைக்குத் தனிப் பெயர் அவசியமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவசியம். ஐஎஃப்சி கோப்பில் (கட்டட மாதிரிகளை மென்பொருள்களுக்கிடையே பரிமாறும் பொது வடிவம்) சன்னலுக்கும் சுவருக்கும் இடையே இந்தத் துளை உட்கார்ந்திருக்கிறது: துளை சுவரை வெட்டும், சன்னல் துளையை நிரப்பும். இரண்டும் தனித்தனி உறவுகள். சன்னலை அழித்தாலும் துளை நிற்கலாம். மறுபக்கம் வரை போகாத துளைக்கும் அதில் தனி வகை உண்டு. அதற்கு நாம் மண்டையை உடைக்க வேண்டாம், நம்மிடம் ‘மாடக்குழி’ இருக்கிறது. விளக்கு வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

சில் மட்டம் (சன்னலின் கீழ்விளிம்பு உயரம்), லிண்டல் மட்டம் (மேல்விளிம்பு உயரம்) இரண்டையும் அப்படியே விடலாம் என்பது என் கருத்து. 3 அடி, 7 அடி என்று தமிழ்நாட்டுத் தச்சரும் கொத்தனாரும் அந்தப் பெயரில்தான் கேட்கிறார்கள்.

கதவின் கீல் பக்கத்தை மாற்றும் பொத்தானுக்கு மட்டும் எனக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை. ‘கைமாற்று’ என்றால் கடன் கேட்பதுபோல் இருக்கிறது. இலங்கைத் தச்சர்கள் இடக்கைக் கதவு, வலக்கைக் கதவு என்பதற்கு என்ன சொல்கிறார்கள் என்று அங்குள்ளவர்கள் எழுதினால், மொழிபெயர்ப்பு வாசகங்களைப் பூட்டும் முன் சேர்த்துவிடலாம்.