தூக்குத் தண்டனையை எடுத்துவிட்டால் கொலைகாரர் வெளிய வந்திடுவினமோ?

நல்லூரான்:
யாழ். மேல் நீதிமன்றத்தில லைற்றை அணைச்சு, எல்லாரையும் எழுப்பி விட்டு மரண தண்டனை வாசிக்கினம். ஆனா 1976 ஜூனுக்குப் பிறகு நாட்டில ஒருத்தரையும் தூக்கில போடேல்லை. போடாத தண்டனை என்னத்துக்கு? சட்டத்தில இருந்து எடுத்தால் என்ன நடக்கும்? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கோண்டாவில் சட்டத்தரணி:
தம்பி, நீதிபதிக்கு வேற வழி இல்லை. தண்டனைச் சட்டக்கோவை 296ஆம் பிரிவில கொலை நிரூபணமானால் மரண தண்டனை மட்டும்தான், ஆயுள் குடுக்கேலாது. சடுதியான ஆத்திரமூட்டல் மாதிரி ஏதாவது விதிவிலக்கைக் காட்டினால்தான் 297க்கு இறங்கும், அதில உச்சம் 20 வருஷம். வழக்கு விசாரணையில முழுச் சண்டையும் இந்த ரெண்டு இலக்கத்துக்கும் நடுவிலதான்.

தீர்ப்பு வந்து 14 நாளுக்குள்ள மேன்முறையீட்டு அறிவித்தல் குடுக்கோணும். சிறைச்சாலை அத்தியட்சகர் மூலமும் குடுக்கலாம். இழுபடுறது அதுக்குப் பிறகுதான்: வழக்கேடு முழுக்கத் தட்டச்சாகோணும், தமிழில நடந்த வழக்கெண்டால் மொழிபெயர்ப்பும் வேணும். எல்லாம் தோத்தால் அரசியலமைப்பின்ர 34ஆம் உறுப்புரை, அதாவது ஜனாதிபதியின்ர மன்னிப்பு அதிகாரம். விசாரிச்ச நீதிபதியின்ர அறிக்கை சட்டமா அதிபருக்கு, அங்கயிருந்து நீதி அமைச்சருக்கு, பிறகு ஜனாதிபதிக்கு. அவர் கையெழுத்து வைக்காமல் கயிறு இல்லை. 2019இல அப்ப இருந்த ஜனாதிபதி நாலு பேருக்கு வைச்சார். உயர் நீதிமன்றம் மறிச்சுப் போட்டுது.

தீவான்:
புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில 2017இல ஏழு பேருக்கு மரண தண்டனைத் தீர்ப்பு வந்தது. அவங்களுக்கும் வேண்டாம் எண்டுறியளோ? எடுக்கவே கூடாது.

கோண்டாவில் சட்டத்தரணி:
உங்கட கோபம் நியாயம். ஆனா மிருசுவிலைப் பாருங்கோ. 2000 டிசம்பரில அங்க எட்டுப் பேரைக் கொலை செய்தது. 2015இல ஒரு இராணுவத்தானுக்கு மரண தண்டனை. 2019இல உயர் நீதிமன்றமும் உறுதிப்படுத்தினது. 2020 மார்ச்சில ஜனாதிபதி குடுத்த மன்னிப்பில ஆள் வீட்டை போயிட்டார். சட்டத்தில தூக்கு இருந்து என்ன கண்டது? கேக்கவேண்டியது குறைஞ்சது இத்தினை வருஷம் சிறை, அதுக்குள்ள மன்னிப்பு இல்லை எண்ட பூட்டுத்தான்.

பழைய ஏடு:
பூட்டை எழுதுறதில கவனம். 1958இல தூக்கை இடைநிறுத்தினவை. அடுத்த வருஷம் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவுடன, முந்தி நடந்ததுக்கும் செல்லுபடியாக அவசரமாத் திரும்பக் கொண்டுவந்தினம். அதில கொலைச் சதி விடுபட்டுப் போச்சு. சுட்ட சோமராம மட்டும் 1962இல தூக்கில. சதி செய்த புத்தரக்கித்த தூக்கில இருந்து தப்பிட்டார்.

296ஐ மாத்தச் சாதாரண சட்டம் காணும். ஹெரோயின் 2 கிராமுக்கே மரண தண்டனை சொல்லுற போதைப்பொருள் சட்டத்தையும் அதோட மாத்தோணும். 34ஐத் தொட்டால் மூண்டில ரெண்டு பெரும்பான்மை வேணும், அது இலேசில்லை. இப்போதைக்கு இருக்கிற வழி அடிப்படை உரிமை மனு: ரோயல் பார்க் கொலை வழக்கில குடுத்த மன்னிப்பை 2024இல உயர் நீதிமன்றம் செல்லாது எண்டது. மிருசுவில் மன்னிப்புக்கு எதிராவும் மனுப் போட்டவை.