கோகோபோலோ, ஈட்டி கடைசல்ல வார்னிஷ் காயவே மாட்டேங்குது, பளபளப்பு நிக்க வழி சொல்லுங்க

தண்டையார்பேட்டை கடைசல்:
அண்ணன்மாரே உதவி வேணும். வீட்டு கீழயே சின்னதா லேத் போட்டு பேனா, கைத்தடி குமிழ்னு கடைஞ்சு குடுக்குறேன். வேம்பு, பூவரசுல எந்த தொல்லையும் வந்ததில்ல. இப்ப ஒருத்தர் கோகோபோலோன்னு ஒரு வெளிநாட்டு மரக் கட்டை குடுத்து பேனா கேட்டாரு, இன்னொரு பெரியவர் அவங்க வீட்டு பழைய ஈட்டி மர (ரோஸ்வுட்) கட்டில் கால்ல கைத்தடிக்கு குமிழ் கேட்டாரு. கடையும்போது அருமையா இருக்கு, ஆனா ஆயில் வார்னிஷ் அடிச்சா நாள் கணக்கா பிசுபிசுன்னே நிக்குது, விரல் ரேகை அப்படியே பதியுது, சில எடத்துல நகம் பட்டா பாலாடை மாதிரி உரிஞ்சு வருது. அதே டப்பாதான் பூவரசுல மறுநாளே காஞ்சிடுச்சு. பெரியவர் தினம் புடிச்சு நடக்கப்போற குமிழ், கை வேர்வை பட்டாலும் மினுமினுப்பு நிக்கணும், என்ன பண்ணலாம்?

பழைய வண்ணை பாலிஷ்:
தம்பி, டப்பா மேல தப்பில்ல. ஆயில் வார்னிஷ் காத்துல இருக்குற ஆக்சிஜன இழுத்துதான் இறுகும். கோகோபோலோ, ஈட்டி ரெண்டுமே டால்பெர்ஜியா ஜாதி, அதுல இருக்குற எண்ணெய்ச் சத்து அந்த இறுகுற வேலையவே தடுத்துடும், கட்டில் எத்தன பழசா இருந்தாலும் உள்ள அது இருக்கும். அதனால மேல மேல வார்னிஷ் ஏத்தாத, ஏத்துனா இன்னும் மோசமாகும். இருக்குறத தின்னர் போட்டு தொடைச்சு சுத்தமா எடுத்துடு, தேச்சு முடி, அசிட்டோன் நனைச்ச டிஷ்யூவால ஒரு தடவ தொடை. கோகோபோலோன்னா டிஷ்யூ ஆரஞ்சு கலராயிடும், பயப்படாத. ஓரத்துல வெளிர் மஞ்சளா வெள்ளை மரம் இருந்தா மொதல்ல அந்தப் பக்கத்த தொடைச்சுட்டு அப்புறம் கருப்பு பக்கம் போ, இல்லன்னா சாயம் ஏறி அசிங்கமாயிடும். தொடைச்ச கையோட அவலரக்கு (ஷெல்லாக்) அடிச்சிடணும், டீ குடிச்சுட்டு வந்தா எண்ணெய் திரும்ப மேல வந்து நிக்கும். 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் அவலரக்கு போதும், மெழுகு எடுத்தது கெடைச்சா அதுதான் வேணும், கெடைக்கலன்னா கரைச்சு அசையாம வச்சு மேல தெளிஞ்சத மட்டும் எடு. அரக்கு ஸ்பிரிட் பறந்து காயுற சாமான், மரத்து எண்ணெய் அத ஒண்ணும் பண்ணாது. மெல்லிசா ரெண்டு மூணு கை, அதுக்கு மேல எத வேணா ஏத்திக்க.

ராயபுரம் பேனா:
ப்ரோ பேனாவுக்கு நான் இன்ஸ்டன்ட் க்ளூதான் போடுறேன், சயனோஅக்ரிலேட், தண்ணி மாதிரி இருக்குறது. அசிட்டோன் தொடைச்சுட்டு மெல்லிசா பல கை, ஒவ்வொண்ணும் தானா காயட்டும், அவசரப்பட்டு ஆக்டிவேட்டர் (க்ளூவ சீக்கிரம் இறுக வைக்கிற ஸ்ப்ரே) நெறைய அடிச்சா உள்ள வெள்ளையா பூத்துடும். அப்புறம் மைக்ரோமெஷ்ல (ரொம்ப நைசான தேய்க்குற ஷீட்) 1500ல ஆரம்பிச்சு 12000 வரைக்கும் தண்ணியோட தேச்சா கண்ணாடிதான். ஒண்ணு முக்கியம், பனியன் துணி யூஸ் பண்ணவே பண்ணாதீங்க, பருத்தியில இந்த க்ளூ பட்டா சூடேறி பொகையே வரும், பேப்பர் டவல் போதும். துணி லேத்ல சிக்குனா வெரலும் சேந்து போயிடும்.

காசிமேடு மரவேலை:
பேனாவுக்கு க்ளூ ஓகே, ஆனா குமிழுக்கு நான் சொல்லமாட்டேன், அந்த படலம் வெறைப்பு, கைத்தடி கீழ விழுந்தா விரிசல் உடும், ஈரம் மாறி மரம் அசைஞ்சாலும் உடும். என்ன கேட்டா இந்த மாதிரி அடர்த்தியான மரத்துக்கு படலமே வேணாம், மரத்தையே பாலிஷ் பண்ணு. ஸ்பீட கொறைச்சு உப்புத்தாள் 400, 600, 1000, 2000னு ஒரு நம்பரும் தாண்டாம போ, அழுத்தி தேச்சு சூடாக்காத, சூட்டுல எண்ணெய் மேல வரும், மெல்லிசா வெடிப்பும் விழும். அப்புறம் பஃபிங் வீல்ல (சுத்துற துணி சக்கரம்) ட்ரிப்போலி, வெள்ளை காம்பவுண்ட்னு பாலிஷ் கட்டிங்க, கடைசியா கார்னோபா மெழுகு. மெழுகு வேர்வைல மெல்ல போவும்தான், ஆனா எப்பவாச்சும் ஒரு தடவ வீல்ல காட்டுனா புதுசு மாதிரி ஆயிடும், உரியுறதுக்குன்னு மேல ஒண்ணும் இல்லையே.

தண்டையார்பேட்டை கடைசல்:
ரொம்ப நன்றிண்ணா எல்லாருக்கும். பெரியவருக்கு கதவுல அடிக்கிற மாதிரி பளபளன்னு வேணுமாம், அதனால அரக்கு மேல லேக்கரா, டூ பேக் பியூவா (ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்)? நம்ம பக்கம் கடல் காத்து ஈரம் வேற, லேக்கர் வெளுத்து போவுது.

பழைய வண்ணை பாலிஷ்:
கை வேர்வைக்கு டூ பேக் பியூதான். அது ஹார்டனரோட சேந்து இறுகுறது, ஆக்சிஜனுக்காக காத்திருக்காது. அடியில மட்டும் மெழுகு இல்லாத அரக்குதான் இருக்கணும், மெழுகு இருந்தா பியூ புடிக்காது. அரக்க 400 பேப்பர்ல லேசா தடவிட்டு மெல்லிசா அடி. லேக்கர் வெளுக்குறது தின்னர் பறக்கும்போது மரம் சில்லுனு ஆகி காத்து ஈரம் மேல படியுறதால, மழைக்காலத்துல ஸ்லோ தின்னர் கலந்து மத்தியானம் வெயில்ல அடிச்சா கொறையும். ஒரு வெட்டு துண்டுல மொதல்ல அடிச்சு நாலு நாள் விட்டு, செல்லோடேப் ஒட்டி படக்குனு இழுத்துப் பாரு, வரலன்னா குமிழ்ல கை வை. அப்புறம் கோகோபோலோ தூள் ஒடம்புல படாம பாத்துக்க தம்பி, பலருக்கு தடிப்பும் அரிப்புமா வரும், தேய்க்கத் தேய்க்க அலர்ஜி ஏறிக்கிட்டே போகும், முழுக்கை சட்டையும் நல்ல மாஸ்க்கும் போடு. பியூ ஸ்ப்ரே பண்ணா தூசி மாஸ்க் பத்தாது, கரித்தூள் கேட்ரிட்ஜ் வச்சதுதான், கதவையும் தொறந்து வை.

தண்டையார்பேட்டை கடைசல்:
அரக்கு அடிச்ச ஈட்டி துண்டு சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடுச்சுண்ணா, ரேகை பதியல. நாளைக்கு அதுல பியூ அடிக்கிறேன். பேனாவுக்கு க்ளூ, கோகோபோலோ மிச்சத்துல ஒரு சின்ன டப்பா கடைஞ்சு அதுக்கு காசிமேடு அண்ணன் சொன்ன பஃபிங். கார்னோபா கட்டியா பாரீஸ் கார்னர்ல எந்த பக்கம் கெடைக்கும்ணா?

காசிமேடு மரவேலை:
பாலிஷ் சாமான் விக்கிற கடையில கேளு, கார் பாலிஷ் மெழுகு எடுத்துக் குடுத்தா வாங்காத, அதுல சிலிக்கான் இருக்கும், பின்னாடி எந்த பாலிஷும் புடிக்காது. கெடைக்கலன்னா சொல்லு, என்கிட்ட இருக்குறதுல ஒரு துண்டு ஒடச்சு தரேன்.