பொதுச் சாக்கடை: "சேர்ப்புத் தடை", "சேர்ப்பு வரம்பு" என்னும் இரு கலைச்சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பொதுச் சாக்கடையில் எவற்றை விடவே கூடாது, எவற்றை எந்த அளவுக்கு மேல் விடக்கூடாது என்று கூறும் விதிகளுக்குத் தமிழ்ச்சொல் காணும் உரையாடலில், தருமபுரி நண்பர் சென்ற மடலில் இவ்வாறு எழுதியிருந்தார்:

> "வெளியேற்றக் கட்டுப்பாடு" என்பது எல்லோருக்கும் பழகிய சொல். தடையையும் வரம்பையும் "கட்டுப்பாடு" என்ற ஒரு சொல்லே தாங்கும்போது புதிதாக ஒன்றை ஏன் ஆக்க வேண்டும்?

பழகிய சொல் இருக்கும்போது அதைத் தள்ளிவிட்டுப் புதியதைத் தேடுவது வீண் வேலை என்பதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் இங்கே "கட்டுப்பாடு", "வெளியேற்றம்" ஆகிய இரண்டு பகுதிகளுமே பொருளை மறைக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் "கட்டுப்பாடு". இந்தியாவின் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாம் அட்டவணையில், கழிவுநீர் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்துத் தனித்தனிப் பத்திகள் உள்ளன. ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடுவதாயின் கரையாமல் நீரில் விரவி நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம். பொதுச் சாக்கடையாயின் 600. உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) நீர்நிலைக்கு 30, சாக்கடைக்கு 350. எண்ணெயும் கொழுப்பும் முறையே 10, 20. அறுவிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) 0.1, 2.0. இவை யாவும் அளவுகள். அளவுக்கு உட்பட்டால் விடலாம், மீறினால் விதிமீறல். இங்கிலாந்திலும் வேல்சிலும் நடப்பில் உள்ள 1991ஆம் ஆண்டு நீர்த்தொழில் சட்டத்தின் 111ஆம் பிரிவோ வேறு வகையில் பேசுகிறது. பெட்ரோலிய எரிபொருளையும் கால்சியம் கார்பைடையும் பொதுச் சாக்கடையில் போடவே கூடாது என்கிறது. அங்கே மில்லிகிராம் கணக்கு கிடையாது. சாக்கடையைச் சிதைப்பது, ஓட்டத்தை அடைப்பது, சுத்திகரிப்பைக் கெடுப்பது ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்யக்கூடிய எப்பொருளும் கூடாது என்றும் அது விலக்குகிறது. 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலிருந்தே வரும் ஏற்பாடு இது. அளந்து பார்த்து ஏற்பதும் அளவே பாராமல் மறுப்பதும் சட்டத்தில் இரு வேறு செயல்கள். "கட்டுப்பாடு" என்று எழுதினால் இரண்டாவது வகை, "கொஞ்சம் போனால் பரவாயில்லை" என்ற தொனியைப் பெற்றுவிடும்.

கார்பைடை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்கு, நான் கிருஷ்ணகிரியில் இருப்பதும் ஒரு காரணம். "கல் வைத்துப் பழுக்க வைத்தது" என்று மாம்பழத்தைக் குறித்து நம் சந்தையில் சொல்லும் அந்தக் கல் கால்சியம் கார்பைடுதான். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அதைக் கொண்டு பழுக்க வைப்பது குற்றம். ஆனால் சாக்கடையோடு அதற்குள்ள உறவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீர் பட்டவுடன் அது அசிட்டிலின் வளியாகவும் சுண்ணாம்பாகவும் மாறுகிறது. மூடிய சாக்கடையில் தேங்கும் அசிட்டிலினுக்கு ஒரு தீப்பொறி போதும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கார்பைடு என்று வரம்பு வகுப்பது பொருளற்ற செயலாகவே இருக்கும், ஏனெனில் நீரில் அது கார்பைடாக நிலைப்பதே இல்லை. இத்தகைய பொருளுக்குத் தடைதான் பொருந்தும்.

அடுத்து "வெளியேற்றம்". இந்தச் சொல் தொழிற்சாலையின் மதிலுக்கு உள்ளே நின்று பார்க்கிறது; கழிவு நம்மை விட்டுப் போய்விட்டது என்பதோடு அதன் பார்வை முடிந்துவிடுகிறது. விதியோ சாக்கடையின் பக்கம் நின்று, தனக்குள் வந்து கலப்பது எது என்று கேட்கிறது. நீர் மாசைத் தடுக்க இந்தியாவில் இயற்றப்பட்ட 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்திலேயே இந்த இரு பார்வைகளும் உள்ளன. 24ஆம் பிரிவு, நச்சுப் பொருளோ மாசுப் பொருளோ ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ புகுமாறு தெரிந்தே செய்வதையும் அதற்கு இடங்கொடுப்பதையும் தடுக்கிறது. 25ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் முன்னிசைவு இன்றிக் கழிவுநீரை வெளிவிடும் தொழிலைத் தொடங்குவதைத் தடுக்கிறது. இசைவாணை கேட்டு விண்ணப்பிக்கும் இடத்தில் "வெளியேற்றம்" பொருத்தமாகவே இருக்கிறது; அங்கே அது இருக்கட்டும்.

சாக்கடைக்குள் நடப்பதைச் சொல்லும்போது அது போதாது. மேற்சொன்ன ஆங்கிலேயச் சட்டம், வேதிக் கழிவும் 110 பாரன்ஹீட் பாகைக்கு மேற்பட்ட வெந்நீரும் தனியாகவோ, சாக்கடையில் ஏற்கெனவே உள்ளவற்றோடு சேர்ந்தோ இடர் விளைவிக்குமானால் அவை தடைக்குரியவை என்கிறது. இந்தச் "சேர்ந்தோ" மிக முக்கியமானது. ஓசூர் போன்ற தொழில் நகரில் முலாம் பூசும் பட்டறை ஒன்று சயனைடு கலந்த அலசுநீரையும், அடுத்த தெருவில் உள்ள வேறொன்று அமில நீரையும் ஒரே சாக்கடையில் விடுவதாகக் கொள்வோம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வளி எழும். விட்ட இருவரில் எவருடைய மதிலுக்குள்ளும் அது இல்லை. இந்த நிகழ்வைத் தன்னுள் அடக்கிய வேர்ச்சொல் "சேர்" என்பதால், முற்றாக மறுக்கப்படுவதைச் "சேர்ப்புத் தடை" என்றும், அளவு குறித்து ஏற்கப்படுவதைச் "சேர்ப்பு வரம்பு" என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன்.

வேறு சில வடிவங்களும் எண்ணத்தில் வந்தன. "விலக்கு" அழகான சொல். ஆயினும் வரிவிலக்கு என்ற வழக்கினால், "விலக்குப் பொருள்" என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் அதற்கு விதி பொருந்தாது என்று படிப்பவர் கொள்ளக்கூடும். "கலவரம்பு" என்ற சுருக்கம் கலவரத்தை நினைவூட்டுகிறது, ஆகவே வேண்டாம். "விடுதடை", "விடுவரம்பு" ஆகியவை நம் பக்கத்துப் பேச்சுக்கு நெருக்கமானவை, "சாக்கடையில தண்ணி விடறது" என்றுதானே சொல்கிறோம். எனினும் விடுதலை, விடுமுறை ஆகியவற்றின் சாயலில் "விடுதடை" தடைநீக்கம் போல ஒலிப்பதால் தயங்குகிறேன்.

இனிச் "சாக்கடை". அது இழிந்த சொல், "சுருங்கை" என்று பழைய காப்பியச் சொல்லை மீட்கலாம் என மற்றொரு நண்பர் கேட்டிருந்தார். சுருங்கை நிலத்தடி வழியைக் குறிப்பது. நீர்ச் சட்டத்தின் வரையறையோ, வீட்டுக் கழிவுநீரையோ தொழிற்கழிவுநீரையோ கொண்டுசெல்லும் குழாய் அல்லது கால்வாய் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அதில் அடங்கும் என்கிறது. ஆகவே சுருங்கை, பாதாளச் சாக்கடை, கழிவுநீர்க் குழாய் மூன்றும் குறுகியவை. "வடிகால்" மழைநீரையும் இழுத்து வந்துவிடும். சாக்கடையே சரியான சொல்.

ஒரு நிபந்தனையை மட்டும் கலைச்சொல் விளக்கத்தில் தவறாமல் சேர்க்க வேண்டும். ஆறாம் அட்டவணையின் பொதுச் சாக்கடைப் பத்தி, உயிரியல் முறை உள்ளடங்கிய இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குக் கொண்டுசெல்லும் சாக்கடைக்கே பொருந்தும். இல்லையேல் சாக்கடையில் விடுவது நீர்நிலையில் விடுவதாகவே கருதப்படும். சிற்றூர்களில் கடைத்தெருச் சாக்கடை நேரே ஏரிக்குப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே மாங்கூழ் ஆலையோ உணவகமோ உயிரிய ஆக்சிஜன் தேவைக்கு 350 என்ற எண்ணைக் காட்ட முடியாது; 30தான் பொருந்தும்.

இதன்படி அகராதிப் பதிவுகளை இவ்வாறு வரைந்துள்ளேன். திருத்தம் இருப்பின் எழுதுங்கள்.

சேர்ப்புத் தடை: தனியாகவோ பிற கழிவோடு சேர்ந்தோ சாக்கடையையோ அதன் ஓட்டத்தையோ சுத்திகரிப்பையோ மனிதர் நலத்தையோ கெடுக்கும் பொருளை, எந்த அளவிலும் பொதுச் சாக்கடையில் விடவோ விட இடங்கொடுக்கவோ கூடாது என்னும் விதி.

சேர்ப்பு வரம்பு: சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் பொதுச் சாக்கடையில் விடப்படும் கழிவுநீரில் ஒரு பொருள் இருக்கத்தக்க மிகுதியான அளவு.

சாக்கடையில் விடும் முன் கழிவுநீரைத் தூய்மை செய்வதற்கான "முன்சுத்திகரிப்பு" என்ற சொல்லை யாரும் மறுக்கவில்லை என்பதால் அதை அப்படியே பதிவு செய்துவிடலாம். உணவகங்களில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் தொட்டிக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை; "பிசுக்குத் தொட்டி" என்று ஓசூர்க் குழாய்ப் பணியாளர் எவரேனும் சொல்லக் கேட்டிருந்தால் தெரிவியுங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து